மீனாட்சியின் முகத்தில் ஓட்டை: சின்னத்திரைச் சாமிகள் பற்றி வாசகர் கேள்விகள்

சாமி தொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழின் மூலையில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் "அந்த அம்மனாக நடிப்பவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா" வகையறாவை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில்.

பள்ளி ஆண்டு விழாவில் திரையிட, மீனாட்சி கல்யாணத்தைச் செல்ஃபோனில் படமெடுத்தோம். பின்னால் பச்சைத் துணி கட்டி, அந்த இடத்தில் கோயில் மண்டபத்தின் படத்தைப் பொருத்தினோம். மீனாட்சியாக நின்ற மாணவியின் முகமும் கையும் மறைந்து, அங்கேயும் மண்டபத் தூண் தெரிகிறது. எங்கே தவறினோம்?
– ஓர் ஆசிரியை, மதுரை

மீனாட்சிக்கு மரகதப் பச்சை பூசியிருப்பீர்கள். அது அம்மனா, துணியா என்று கணினிக்குத் தெரியாது. பச்சை எங்கிருந்தாலும் எடுத்துவிடு என்று சொன்னீர்கள். முகம், கை, கையிலிருந்த கிளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. மனிதத் தோலில் பச்சையும் நீலமும் குறைவு என்பதால்தான் சினிமாக்காரர்கள் இந்த இரண்டு நிறத் துணிகளைப் பிடித்துக்கொண்டார்கள். நம் சாமிகளின் நிறம் அவர்கள் கணக்கில் வரவில்லை.

சரி, நீலத் துணி கட்டுவோம் என்று தோன்றும். கட்டினால் தாரை வார்க்க வரும் பெருமாள் காணாமல் போவார். பச்சைத் தங்கையும் நீல அண்ணனும் ஒரே ஃபிரேமில் நிற்கும் காட்சி என்றால் சிஜி (கணினி வரைகலை) ஆட்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். மயிலும் இதே தொல்லைதான்: கழுத்து நீலம், தோகை பச்சை.

வழி இரண்டு உண்டு. முதலாவது, தனித்தனியாக எடுத்து ஒட்டுவது. மீனாட்சியை நீலத் துணி முன்னும் பெருமாளைப் பச்சைத் துணி முன்னும் நிறுத்துங்கள். சுந்தரேசுவரருக்கு எதுவானாலும் சரி, கழுத்தில் நீலம் பூசியிருந்தால் மட்டும் பச்சைத் துணி. ஃபோனை ஸ்டாண்டில் வைத்து, உயரமும் தூரமும் ஓர் அங்குலம்கூட மாறாமல் எல்லோரையும் எடுங்கள். மாறினால் அண்ணன் தங்கையைவிடக் குள்ளமாகத் தெரிவார். கையில் கை வைத்து நீர் வார்ப்பதை ஒட்டு வேலையில் செய்ய முடியாது. அதை மட்டும் உண்மையான தூண் அல்லது கறுப்புத் துணி முன்னால் கைகளின் குளோசப்பாக எடுத்து இடையில் செருகுங்கள்.

எந்தத் துணியானாலும் இவற்றைக் கவனியுங்கள். துணியை இஸ்திரி போட்டு விறைப்பாகக் கட்ட வேண்டும். சுருக்கத்தின் நிழல் வேறு நிறமாகப் பதிவாகும். துணிக்கு இரு பக்கமிருந்தும் தனி விளக்கு, ஆட்களுக்குத் தனி விளக்கு. ஆள் துணியிலிருந்து 6 முதல் 8 அடி முன்னால் நிற்கட்டும். ஒட்டி நின்றால் துணியின் நிறம் கவரிங் நகையிலும் ஜரிகையிலும் பட்டுத் தெறித்து, ஒட்டியாணத்தில் ஓட்டை விழும். கிரீடம் பளபளத்தால் முகப்பவுடரை லேசாகத் தட்டி மங்கலாக்குங்கள். ஃபோனில் வெளிச்சம், நிறம் இரண்டையும் லாக் செய்யுங்கள். ஷட்டர் 1/100-இல் இருக்கட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத அளவு வைத்தால் சில விளக்குகளின் கீழ் படம் துடிக்கும்.

இரண்டாவது வழி, நாடகக் கம்பெனிக்காரர்களின் வரைந்த படுதா. சிஜியே வேண்டாம். பள்ளி விழா என்றால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

இந்தியிலிருந்து டப்பிங் செய்த தொடரில் பிள்ளையாருக்கு இரண்டு மனைவிகள். முருகனை அண்ணன் என்கிறார்கள். வள்ளியைக் காணோம். இப்படித் தப்பும் தவறுமாகக் காட்டலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

தப்பில்லை, வேறு ஊர்க் கணக்கு. வடமொழிச் சிவபுராணத்தின் குமார காண்டத்தில் கார்த்திகேயன் முதலில் பிறக்கிறான், கணேசன் பிறகு. அங்கே பெற்றோரைச் சுற்றிவரும் போட்டி மாம்பழத்துக்காக நடப்பதில்லை. யாருக்கு முதலில் கல்யாணம் என்பதற்காக நடக்கிறது. கணேசன் வென்று, விசுவரூபன் மகள்களான சித்தி, புத்தி இருவரையும் மணக்கிறான். கோபித்துக்கொண்ட கார்த்திகேயன் போகும் மலை பழனி இல்லை, கிரௌஞ்சம். வட இந்தியாவில் பல இடங்களில் அவன் பிரம்மசாரிதான். இந்தித் தொடர்க்காரர் தன் ஊரில் கேட்ட கதையை எடுக்கிறார். சித்தி, புத்தியோடு இருக்கும் விநாயகரைத் தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளையார்தான் நமக்குக் கட்டை பிரம்மசாரி.

வள்ளி நம்மவள். நற்றிணை 82-ஆம் பாட்டிலேயே முருகனோடு வருகிறாள். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் அவள் திருமணத்தைத் தொட்டுத்தான் முடிகிறது. மகாபாரத வனபர்வத்தில் தேவசேனை மட்டுமே உண்டு. அதை அடியொற்றி எடுக்கும் தொடரில் வள்ளியைத் தேடினால் கிடைக்கமாட்டாள்.

டப்பிங் வசனகர்த்தா மாற்றியிருக்கக் கூடாதா என்கிறீர்கள். படத்தில் இரண்டு மணப்பெண்கள் மாலையோடு நிற்கும்போது என்ன எழுதுவது? அவர் கைக்கு வருவது உதடு மட்டும். ப, ம வரும் இடத்தில் உதடு மூட வேண்டும்; மூலத்தில் மூடிய இடத்தில் தமிழிலும் மூடும் சொல் வேண்டும், திறந்து முடிந்தால் திறந்து முடியும் சொல் வேண்டும். 'சுவாமி', 'பிரபு', 'அம்மா' என்று நொடிக்கொரு விளி வருவதற்கும், "அவ்வண்ணமே ஆகட்டும்" என்று வாயில் நுழையாத தமிழ் வருவதற்கும் பாதிக் காரணம் இதுதான். பக்தி மிகுதி என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அண்ணன் தம்பி மாறும் இடத்தில், 'இது வடநாட்டு வழக்குப்படி' என்று திரையில் ஒரு வரி ஓடவிடக் காசு செலவில்லை. அதைச் செய்யாதது சோம்பல்.

1987-இல் 'ராமாயண்' ஓடியபோது தெருவெல்லாம் வெறிச்சோடியது என்கிறார் அப்பா. அதில் வரும் இலட்சுமணன் கோடு கம்பரிலேயே இல்லை என்கிறார் தமிழாசிரியர். இருவரில் யார் சொல்வது சரி?
– கல்லூரி மாணவி, திருச்சி

இருவரும் சரி. 1987 ஜனவரி 25-இல் தூர்தர்ஷனில் தொடங்கி, 1988 ஜூலை 31 வரை ஞாயிறு காலைகளில் ஓடியது. ராமானந்த் சாகர் எடுத்தார். படப்பிடிப்பு குஜராத்தின் உம்பர்காவில். 52 வாரம் என்று தொடங்கியது 78-க்கு நீண்டது. அன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் வேறு சேனல் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். ரிமோட் இருந்தவர் கையிலும் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கதையோ எல்லோருக்கும் மனப்பாடம், ஆகவே இந்தி புரியாததும் தடையாகவில்லை.

அந்தத் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியவிருந்தது. ஜலந்தரில் வால்மீகி சமூகத்தைச் சேர்ந்த துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உத்தர காண்டத்தையும் காட்ட வேண்டும் என்பது கோரிக்கை, ஏனென்றால் சீதைக்கு அடைக்கலம் கொடுக்கும் அவர்களுடைய குருவான வால்மீகி அங்கேதான் கதைக்குள் வருகிறார். தொடர்ச்சியாக லவ குசர்களின் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டது. ஒரு தொடரின் கதைப்போக்கை டிஆர்பி மாற்றுவதை இன்று பார்க்கிறோம். அன்று குப்பை அள்ளாமல் மாற்றினார்கள்.

கோட்டுக்கு வருவோம். வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தில் இருக்கிறது. துளசிதாசரில் பின்னால், மண்டோதரி இராவணனை இடித்துப் பேசும்போது போகிறபோக்கில் வருகிறது. சாகரின் பெயர் அட்டையில் வால்மீகி, துளசி, கம்பர், ரங்கநாதம் எல்லாமே மூலமாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. கோடு எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கம்பரில் இராவணன் சீதையைத் தொடுவதில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். சிஜி கைக்கு எளிதாகிவிட்ட இந்தக் காலத்தில் இதைத் தமிழ்த் தொடர் ஏதாவது உருப்படியாக எடுத்துக் காட்டலாம்.

சாமி தொடர் பார்க்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

1987-இல் டிவிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. விளம்பர இடைவேளையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்றுதான் பதிவு இல்லை.

பின்னிரவில் யந்திரம், கவசம், ருத்ராட்சம் விற்கிறார்கள். பெரியப்பா சர்க்கரை நோய் தீரும் என்று ஒன்று வாங்கிவிட்டார். டிவியில் காட்டுவதால் அரசு அனுமதி இருக்குமல்லவா?
– ஒரு வாசகி, விருதுநகர்

அப்படி ஓர் அனுமதி கிடையாது. அந்த அரை மணி நேரம் பொதுவாக விற்பவர் காசு கொடுத்து வாங்கிய ஸ்லாட். கண்டுபிடிப்பது சுலபம்: தொடக்கத்தில் 'இதிலுள்ள கருத்துகளுக்குச் சேனல் பொறுப்பல்ல' என்ற அட்டை, திரையின் அடியில் கடைசிவரை நகராத ஃபோன் நம்பர், நடுவில் வேறு விளம்பரமே வராது. அதிகாலைப் பிரசங்கங்கள், ராசிபலன் பலவும் இதே ஏற்பாடுதான். எந்த மதத்துக்கும் தனிச் சலுகை இல்லை.

தொடரில் அம்மன் காய்ச்சலைத் தொட்டுத் தீர்த்தால் அது கதை. ஒரு தகட்டைக் காட்டி, விலை சொல்லி, நோய் தீரும் என்றால் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. அவற்றால் நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்தால் முதல் முறை 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. மறுமுறை ஓராண்டு வரை சிறை. விற்பவர்களுக்கு இது தெரியும். ஆகவேதான் தேர்ந்தவர்கள் 'நோய்' என்ற சொல்லைத் தவிர்த்து 'தடை நீங்கும், பணம் தங்கும்' என்று பேசுவார்கள். அதற்கு இந்தச் சட்டம் எட்டாது. ஆனால் கேபிள் டிவி விதிகளின் 7-ஆவது விதி எட்டும்: நிரூபிக்க முடியாத அற்புத சக்தி பொருளுக்கு இருப்பதாக விளம்பரம் நினைக்க வைக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் 2013-இன் மாந்திரீகத் தடுப்புச் சட்டமும் உண்டு. அனுமன் சாலிசா யந்திர விளம்பரம் அதன்படி சட்டவிரோதம் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை.

பெரியப்பா முதலில் மாத்திரையை நிறுத்தாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு பில், பார்சல் உறை, பணம் கட்டிய ரசீது மூன்றையும் எடுத்து வையுங்கள். அடுத்த ஒளிபரப்பை, நோய் தீரும் என்று சொல்லும் இடமும் சேனல் சின்னமும் தெரியும்படி ஃபோனில் பதிவு செய்யுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இவர்கள் கம்பெனிப் பெயரை அடிக்கடி மாற்றுவார்கள் என்பதால் பார்சல் உறையில் இருக்கும் அனுப்புநர் முகவரிதான் பல நேரம் கடைசிப் பிடி.

ஒரு தொடரில் எங்கள் குலதெய்வத்தை இழிவாகப் பேசினார்கள். சென்சார் போர்டுக்கு மூன்று முறை எழுதியும் பதில் இல்லை.
– ஒரு வாசகர், தேனி

தப்பான வாசலில் நின்று தட்டியிருக்கிறீர்கள். சினிமாவைப் போல டிவி தொடர்களை ஒளிபரப்புக்கு முன் சென்சார் பார்ப்பதில்லை. 2021 ஜூனில் திருத்திய கேபிள் விதிகளின்படி முதல் புகார் சேனலுக்கே போக வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை, 15 நாளில் முடிவு. திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அவர்களுக்கு 60 நாள். அதன் பிறகு, மறுபடி 15 நாளுக்குள், மத்திய அரசு.

புகார்கள் தோற்பது எழுதும் விதத்தால்தான். 'மனம் புண்பட்டது' என்று நான்கு பக்கம் எழுதி, எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வசனம் என்பதை விட்டுவிடுவார்கள். வசனத்தை அப்படியே எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னது என்று ஒரு வரி. கேபிள் விதிகளின் 6-ஆவது விதியில் எந்தப் பிரிவு என்று ஒரு வரி. மதங்களையோ சமூகங்களையோ தாக்குவதும், மதக் குழுக்களை இகழும் சொல்லும் காட்சியும் ஒரு பிரிவு, மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது இன்னொன்று. வில்லன் பாத்திரம் இழிவாகப் பேசி அடுத்த காட்சியில் தண்டனை பெற்றிருந்தால் உங்கள் புகார் நிற்பது கடினம். மூடநம்பிக்கைப் புகாரும் லேசில் நிற்காது. 'ஹோனி அன்ஹோனி' என்ற தூர்தர்ஷன் தொடர் மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்ற வழக்கில் அதன் மீதிப் பகுதிகளை மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்த, 1988-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. கும்பகோணத்துக்காரர் பிள்ளையார் கல்யாணத்தைப் பற்றிப் புகார் எழுதினாலும் இதே கதிதான்.

என் மகனுக்கு ஏழு வயது. பால முருகனாக நடிக்கக் கேட்கிறார்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– ஒரு தாய், சென்னை

2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளைப் பாருங்கள். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அது 6 மாதம்தான் செல்லும். அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். இதைத்தான் அதிகம் ஏமாற்றுவார்கள், ரசீது கேளுங்கள்.

வாரம் ஆறு நாள் வரும் தொடர் என்றால் மாலைக் காட்சி இரவு பத்துக்கு இழுக்கும். ஐந்து மணி நேரம் என்பது மேக்கப் நாற்காலியில் உட்காரும் நேரத்திலிருந்தா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். மேக்கப்பை முந்தின நாளே முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் வேறு பிராண்ட் கேட்க வேண்டும். கிரீடம் ஃபைபரா உலோகமா என்றும் கேளுங்கள். உலோகம் என்றால் குளோசப்புக்கு மட்டும் வைக்கட்டும். அந்தக் கழுத்துக்கு அது பாரம்.

இஸ்லாமிய வரலாற்றுத் தொடர்களில் நபிகளைக் காட்டாமலே கதையை எப்படி நகர்த்துகிறார்கள்?
– ஒரு வாசகர், காயல்பட்டினம்

கேமராவையே அவர் கண்ணாக்கிவிடுவார்கள். எதிரில் நிற்பவர் லென்ஸைப் பார்த்துப் பேசுவார், பதில் நமக்குக் கேட்காது. அடுத்தவர் "இப்படிச் சொன்னார்" என்று எடுத்துச் சொல்வார். முஸ்தஃபா அக்காத் 1976-இல் எடுத்த 'தி மெசேஜ்' முழுப் படத்தையும் இப்படியே நடத்தியது, உருவமும் இல்லை, குரலும் இல்லை. 2012 ரமலானில் எம்பிசி என்ற அரபுச் சேனல் ஒளிபரப்பிய 'உமர்' ஒரு படி தாண்டி கலீஃபாக்களை நடிகர்களைக் கொண்டு காட்டியது. எகிப்தின் அல் அஸ்ஹர் அறிஞர்கள் எதிர்த்தார்கள். ஈரானின் யூசுஃப் நபி தொடரில் யூசுஃபின் முகமே வந்தது. ஷியா, சுன்னி வழக்குகள் இதில் வேறு வேறு. இந்த எழுத்தாளர்களுக்கு உள்ள சிரமம் சாமி தொடர்க்காரருக்கு இல்லை: நாயகனே ஃபிரேமில் இல்லாதபோது உணர்ச்சி முழுவதையும் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் வரவழைக்க வேண்டும்.

திருவண்ணாமலை தீபத்தை லைவில் பார்த்துத்தான் வீட்டு விளக்கை ஏற்றுகிறோம். பக்கத்து வீட்டில் அரை நிமிடம் முன்பே 'அரோகரா' கேட்கிறது. எங்கள் டிவி பழுதா?
– ஒரு வாசகி, வேலூர்

டிவி நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ஃபோனிலோ நெட் வழியாகவோ பார்க்கிறீர்கள், அவர்கள் டிடிஎச்சிலோ கேபிளிலோ பார்க்கிறார்கள். ஓபி வேனிலிருந்து (நேரடி ஒளிபரப்பு வண்டி) செயற்கைக்கோளுக்கு 35,786 கிலோமீட்டர் ஏறி, அதே தூரம் இறங்க ஏறத்தாழ கால் விநாடி. சேனலின் நிலையத்துக்கு ஒரு முறை, அங்கிருந்து வீட்டு மாடியின் டிஷ் குடைக்கு மறுமுறை என்றாலும் அரை விநாடிதான். படத்தைச் சுருக்கி விரிக்கும் வேலைக்குச் சில விநாடி சேரும். நெட்டில் படத்தை ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவது வழக்கம்; மூன்று துண்டாவது கைக்கு வந்த பிறகே ஃபோன் ஓட்டத் தொடங்கும். நெட் மந்தமானால் நாலாவது, ஐந்தாவது என்று தள்ளிப்போகும்.

தீபம் ஏறும் கணத்தில் திரை வெளுத்துப்போவதையும் கவனித்திருப்பீர்கள். அந்தி இருட்டுக்காகக் கேமராவின் கண் அகலத் திறந்திருக்கும். 2,668 அடி உச்சியில் நெருப்பு பற்றியதும் ஒளி கொட்டும். அனுபவசாலி கேமராமேன் ஆறு மணிக்கு முன்பே கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்வதை அணைத்துவிட்டு, அதன் கண்ணைத் தானே கையால் சுருக்குவார். கீழே அர்த்தநாரீசுவரர் சில நிமிடமே வெளியே வந்து உள்ளே போய்விடுவார் என்பதால் அங்கே ஒரு கேமராவும் உச்சிக்கு ஒன்றும் தனித்தனியாக வேண்டும். விளக்கேற்றுவதற்குப் பக்கத்து வீட்டு அரோகராவையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனைவிட அது சரியான நேரம்.